தலை அறுந்த இரண்டு போல்ட்டுகள்

நம் நண்பர் ஒருவர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நகரொன்றில் வசிக்கிறார். நான்கு ஆண்டுகளாகத் தம் வீட்டுக் கராஜில் கார் ஒன்றைக் கட்டி வருகிறார். 'கட்டி' என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். அவர் காரை வாங்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. சதுரக் குழாய்களை அறுத்து, வெல்டிங் செய்து, சட்டம் ஆக்கி, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தி, காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய ஃபோர்ட் சியரா ஒன்றின் எஞ்சினையும் பின் அச்சையும் ஸ்டீயரிங் தண்டையும் எடுத்துப் பொருத்தி, வீடு கட்டுவதைப்போலவே கட்டியிருக்கிறார். மனைவியிடம் சொன்ன செலவும் உண்மையான செலவும் வேறுவேறு என்பதும் வீடு கட்டுவதைப் போன்றதுதான்.

சென்ற மாதம் அவரிடமிருந்து கோபமான மடல் ஒன்று வந்தது. பிரேக், விளக்கு, இருக்கைப் பட்டை எல்லாம் ஆயிற்றாம். சாலையில் ஓட்ட ஒப்புதல் பெறுவதற்கான தேர்வுக்கு முன் ஒன்றே ஒன்று மிச்சம்: திருட்டுத் தடுப்புக் கருவி. "நானே செய்த காரை நான் பூட்டி வைத்தால் என்ன, திறந்து போட்டால் என்ன? போனால் என் பொருள்தானே போகும்? இதில் அரசாங்கத்துக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருந்தார். இலக்கியம் பேச வந்த இடத்தில் ஸ்டீயரிங் பூட்டா என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவருக்கு நாம் எழுதிய பதில் ஒரு பக்கத்தில் முடியவில்லை. எழுத எழுதத்தான் கேள்வியின் ஆழம் நமக்கே பிடிபட்டது.

கைவினைக் கார் என்னும் மரபைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். 1957இல் காலின் சாப்மன் தம் லோட்டஸ் நிறுவனத்தின் 'செவன்' என்ற காரை வெளியிட்டார். கதவென்று சொல்லத்தக்க கதவு கிடையாது. கூரை பெயருக்கு ஒரு துணி. அந்நாளில் பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. (தமிழின் குறும்பைப் பாருங்கள்: பாகங்களை இணைப்பதற்கும் பூட்டுதல் என்றே பெயர், திருடன் வராமல் அடைப்பதற்கும் பூட்டுதல் என்றே பெயர். நண்பர் முதல் பூட்டுதலை நான்காண்டுகள் ஆசையாகச் செய்துவிட்டு, இரண்டாவதற்கு முரண்டு பிடிக்கிறார்.) உதிரிகளோடு பூட்டும் முறையை விளக்கும் கையேட்டையும் சேர்த்துத் தந்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறைக்கான கையேட்டைத் தந்து, 'இதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளுங்கள்' என்று லோட்டஸ்காரர்கள் விட்டுவிட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது, சலுகையும் போயிற்று. அதே ஆண்டில் செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

ஆனால் சலுகை போனபின்னும் ஆசை போகவில்லை. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டுக்குள் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்ட் எஸ்கார்ட் ஒன்றைக் கழற்றி, செவனைப் போன்ற வடிவில் மறுபிறவி கொடுக்கும் வழிமுறை அது. அதைப் படித்துக் கட்டிய கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று ஓர் இனப்பெயரே ஏற்பட்டுவிட்டது. ஒரு நூல் தன் வாசகர்களை இப்படி எழுப்பிக் கையில் ரம்பத்தைக் கொடுத்துக் கொட்டிலுக்கு அனுப்பியது நமக்குப் பொறாமை தரும் செய்தி. ஐந்நூறு படிகள் விற்றால் விழா எடுக்கிற நாம், படித்தவர்களில் எத்தனை பேர் எதையாவது செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

இப்படிக் கட்டப்படும் கார்களைச் சோதிக்க 1998இல் எஸ்.வி.ஏ. என்ற ஒப்புதல் முறை வந்தது. 2009இல் அதன் இடத்தில் ஐ.வி.ஏ. என்னும் 'தனி வாகன ஒப்புதல்' வந்தது. ஆலைக் கார் என்றால் ஒரு மாதிரியைச் சோதித்து ஓராயிரத்துக்கு ஒப்புதல் தந்துவிடலாம். வீட்டுக் கார் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. எனவே ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். சோதகர் பார்க்கிறார். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளம் ஒன்று காரின் வெளிப்புறத்தில் எங்கெல்லாம் தொடுமோ, அங்கெல்லாம் விளிம்பின் வளைவு ஆரம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மோதிக்கொள்ளும் பாதசாரியின் உடல் கிழியக்கூடாது என்பதே காரணம். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? போல்ட் தலைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லா மாட்டுகிறார்கள். விளிம்புகளுக்கு ரப்பர்ப் பட்டை ஒட்டுகிறார்கள். தேர்வு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் அவற்றுள் பாதியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். தேர்வு நாளில் மட்டும் திருநீறு பூசிக்கொண்டு போகும் மாணவனின் பக்தி இது. நாம் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடப்பது இது.

நண்பரின் உள்ளக்கிடக்கையும் அதுவே என்று மடலின் இரண்டாம் பத்தியில் தெரிந்தது. தேர்வுக்காகப் பூட்டை மாட்டி, பின்பு கழற்றிவிடலாமா என்று நம்மிடம் யோசனை கேட்டிருந்தார். கார் பற்றி ஒன்றும் தெரியாத நம்மிடம் ஏன் கேட்டார் என்பது தனிக்கேள்வி. மனச்சாட்சியைக் கலந்தாலோசிக்க விரும்பாதவர்கள் நண்பர்களைக் கலந்தாலோசிப்பார்கள்.

கதவில்லாத காரை எப்படிப் பூட்டுவது? வாசலில்லாத வீட்டைப் பூட்டுவது போலத்தான். பூட்டு உள்ளே போயாக வேண்டும். வீட்டில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுகிறார்கள். ஒன்று ஸ்டீயரிங் பூட்டு. சாவியை உருவியதும் ஓர் இரும்பு நாக்கு நீண்டு, ஸ்டீயரிங் தண்டில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தில் விழுந்து, சக்கரத்தைத் திருப்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று இம்மொபிலைசர். சாவியில் உள்ள சில்லு தன்னை அடையாளம் காட்டினாலொழிய ஸ்டார்ட்டருக்கோ எரிபொருள் பம்புக்கோ பற்றவைப்புக்கோ மின்சாரம் போகவிடாத மின்னணுக் காவலன்.

முதல் வழியைப் பற்றி நண்பர் எழுதியிருந்த ஒரு விவரம் நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை. சியராவிலிருந்து எடுத்த தண்டில் பூட்டும் கூடவே வந்தது. ஆனால் புதிய காரின் அளவுக்காகத் தண்டை அறுத்துக் குறுக்கியிருந்தார். அறுத்து ஒட்டும்போது பள்ளம் சற்றே நகர்ந்துவிட்டால் நாக்கு வெறும் இரும்பில் முட்டிக்கொண்டு நிற்கும், பூட்டாது. அதைச் சரிசெய்த பிறகு பூட்டின் உடலைத் தண்டின் உறையோடு இறுக்க இரண்டு போல்ட்டுகள். அவை சாதாரண போல்ட்டுகள் அல்ல. ஸ்பேனர் போட்டு முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தலை மட்டும் அறுந்து விழுந்துவிடும். உடல் உள்ளே தங்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனராலும் பிடிக்க முடியாது. துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். திருடனும் ஸ்பேனர் வைத்திருப்பான் என்பதால் இந்த ஏற்பாடு.

நான்கு ஆண்டுகளாக அந்தக் காரில் அவர் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் அவரால் திருப்பிக் கழற்ற முடியும். அதுவே அவருடைய இன்பம். எஞ்சினை மூன்று முறை இறக்கி ஏற்றியிருக்கிறார். இப்போது முதன்முறையாக, தம் கையாலேயே தம் கைக்கு எட்டாதபடி ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். அவருடைய கோபத்தின் வேர் இதுதான் என்று நமக்குத் தோன்றியது. அரசாங்கம், உரிமை என்பதெல்லாம் பிற்பாடு தேடிக்கொண்ட காரணங்கள்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விதிகள் அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. அனுமதியின்றிக் காரை ஓட்டுவதைத் தடுப்பது பற்றிய ஐக்கிய நாடுகளின் 116ஆம் ஒழுங்குவிதியை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளின் விதிகளுக்கு இது ஒரு தாய்வீடு. பூட்டு அமைப்பில் குறைந்தது 1000 வெவ்வேறு சாவி வகைகள் இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டு உற்பத்தி ஆயிரத்துக்கும் குறைவானால், எத்தனை வாகனங்களோ அத்தனை வகை போதும் என்றும் சேர்த்துக்கொள்கிறது. நம் நண்பரின் ஆண்டு உற்பத்தியைக் கணக்கிட்டால் கால் கார். விதியை எழுதியவர்கள் ஆலையைக் கண்முன் நிறுத்தித்தான் எழுதினார்கள்.

ஆயினும் 'போனால் என் பொருள்தானே' என்ற வாதத்தை நம்மால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்ல அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. கனடாவில் 2007 செப்டம்பர் முதல். அமெரிக்காவில் கட்டாயம் இல்லை. ஆகவே ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அங்கே 2011 முதல் 2021 வரை விற்ற மாடல்கள் பலவற்றில், சாவி போட்டுத் திருகும் வகைகளில், அதைப் பொருத்தாமலே விட்டுவிட்டன. 2021இல் மில்வாக்கி நகரச் சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். 2022இல் காணொளிகள் வழியே நாடெங்கும் பரவிற்று. ஸ்டீயரிங் தண்டின் உறையைப் பிரித்து, சாவித்துளை உருளையைப் பிடுங்கிவிட்டால், கைப்பேசிக்கு மின்னேற்றும் யுஎஸ்பி கம்பியின் முனையே சாவியாகிவிடும். திருடியவர்களில் பலர் விற்பதற்காகத் திருடவில்லை, ஓட்டுவதற்காகத் திருடினார்கள். 2022 அக்டோபரில் பஃபலோ நகரில் அப்படித் திருட்டுப் போன கியா ஒன்று மோதியதில் அதிலிருந்த பதின்வயதினர் நால்வர் இறந்தார்கள். 2023இல் அந்நிறுவனங்கள் உரிமையாளர்களுடன் ஏறத்தாழ 20 கோடி டாலர் மதிப்பில் இணக்கம் செய்துகொண்டன. அந்நால்வரின் பெற்றோர் அந்தக் காரின் உரிமையாளர்கள் அல்லர்.

திருட்டுப்போன கார் என்பது திருட்டுப்போன நகையைப் போன்றதன்று. நகை யார் கழுத்துக்குப் போனாலும் நகையாகவே இருக்கும். கார் அறியாதவன் கையில் போய், அவசரத்தில், துரத்தப்படும் அச்சத்தில், ஓடிக்கொண்டிருக்கும். அதிலும் நண்பரின் கார் எடை குறைந்தது, சீறிப் பாய்வது, பின்சக்கரம் இழுப்பது; ஈரச்சாலையில் அதைக் கட்டியவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியது. ஒப்புதல் தேர்வின் மற்ற விதிகள் எல்லாம் காரைக் கட்டியவரே ஓட்டப்போகிறார் என்று எண்ணி, அவருக்காகவும் அவர் எதிரே வருபவர்களுக்காகவும் எழுதப்பட்டவை. பூட்டு பற்றிய இந்த ஒரு விதி மட்டும், கட்டியவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் இருக்கையில் உட்காரப்போகும் ஒருவனை நினைக்கிறது. தம் படைப்பில் அந்நியன் கை படும் என்பதைப் படைத்தவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அதை வேறு யாராவதுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பூட்டை அரைகுறையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில், பழைய கார் புதிய கார் என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது, திருட்டு இறங்கிற்று. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் போதும் என்று விட்டது. பாட் மேஹ்யூ, ரொனால்ட் கிளார்க் முதலியோர் அந்நாட்டு உள்துறைக்காக 1976இல் எழுதிய ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் புதிய கார்கள் தப்பின. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்கு நகர்ந்துவிட்டார்கள். ஆக, ஒரு தெருவில் பூட்டாத காரை வைத்திருப்பவர் தம் விதியை மட்டும் தேர்ந்துகொள்ளவில்லை. தெருவில் உலவும் கைகளைத் தம் வாசலுக்கு அழைக்கிறார்.

இதை எழுதியதும் நண்பர் ஓர் எதிர்வாதத்தோடு வந்தார். பூட்டே கொல்லாதா என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஷெவ்ரலே கோபால்ட் முதலிய சிறிய கார்களில் சாவித்துளையின் சுவிட்ச் இளக்கமாக இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் இடித்தாலோ, ஓடும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். காற்றுப்பை விரியாது; ஸ்டீயரிங் கனத்துப்போகும். 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை அந்தச் சுவிட்சின் கணக்கில் ஏற்றது. அது பூட்டின் பிழையன்று, சுவிட்சின் பிழை. ஆனாலும், காவலுக்கு வைத்த சாவியே காலை வாரிவிட்ட, வேலியே பயிரை மேய்ந்த கதை அது. வீட்டுக் கட்டுநருக்கு இந்த அச்சம் இன்னும் அதிகம் இருக்க வேண்டும். அறுத்து ஒட்டிய தண்டில் அந்த இரும்பு நாக்கு வளைவில் திரும்பும்போது விழுந்தால்? 116ஆம் விதி இதையும் மறக்கவில்லை. வண்டி நகரும்போது தற்செயலாக இறுகி ஆபத்து விளைவிக்கும் வாய்ப்பே இருக்கக்கூடாது என்கிறது. பூட்டு பூட்டவும் வேண்டும், பூட்டக்கூடாத நேரத்தில் பூட்டாமலும் இருக்க வேண்டும். இரண்டில் கடினமானது இரண்டாவதே. நண்பர் தேர்வுக்காக மட்டும் ஏனோதானோ என்று மாட்டப்போகும் பூட்டு, முதலாவதைச் செய்து சோதகரை ஏமாற்றலாம். இரண்டாவதைச் செய்யுமா என்பதை நெடுஞ்சாலையில்தான் அவர் அறிவார். பூட்டே வேண்டாம் என்பதற்கு அவர் காட்டிய காரணம், ஒழுங்காகப் பூட்ட வேண்டும் என்பதற்கான காரணமாகவே நமக்குப் படுகிறது.

வேறொரு யோசனையும் வைத்திருந்தார். தமக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்து எரிபொருள் பம்பின் மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம் என்று. கைவேலைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. புதையலுக்கு மேல் தாமே அடையாளம் போட்டுத் தாமே மறப்பது. அதன் குறை எளியது: ஒவ்வொரு முறையும் நினைவாக அணைக்க வேண்டும். மழையில் இறங்கி ஓடும் நாளில், கடைவாசலில் 'இரண்டு நிமிடம்தானே' என்று நிறுத்தும் நாளில், அணைக்க மாட்டோம். ஸ்டீயரிங் பூட்டும் இம்மொபிலைசரும் சாவியை எடுத்த மாத்திரத்தில் தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நம் நற்குணத்தை அவை நம்பியிருக்கவில்லை.

இம்மொபிலைசரில் அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது, அது நியாயமானது. அங்கீகாரம் பெற்ற வகைகள் பலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பு. எந்தக் கம்பி எதற்கு என்று திருடன் நிறத்தால் கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காக. பொருத்துபவருக்கும் அது இருட்டறைதான். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி வைத்துப் பொருத்தி, பிறகு சீட்டுகளைக் கிழித்துவிட வேண்டும். ஓர் இணைப்பு இளகினாலும் நெடுஞ்சாலை நடுவே எஞ்சின் நின்றுபோகும். ஆகவே இரும்பை அறிந்தவர் இரும்பையே நம்பட்டும் என்று எழுதினோம். ஆலைக் கார்களின் மின்னணுப் பூட்டுகளும் அப்படியொன்றும் வெல்ல முடியாதவை அல்ல. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையைக் கருவியால் நீட்டித் திறப்பது பழைய வித்தை. முகப்பு விளக்கின் வயர் வழியே காரின் உள்வலைக்குள் போலிச் செய்தி செலுத்தித் திறந்த வித்தை 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. அத்தகைய வலை ஏதுமில்லாத நண்பரின் கார் இவற்றிலிருந்து தப்பியது. அதற்காக அவர் மகிழ்ந்துகொள்ள வேண்டாம். பூட்டில்லையென்றால் அதைத் திருட ஒரு துண்டுக் கம்பி போதும்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்லி வைத்தோம். சியராவோடு வந்த சாவி, செத்த காரின் சாவி. அந்தக் காருக்கு இரண்டாவது சாவி ஒன்று இருந்திருக்கும். முதல் உரிமையாளரின் மேசையறையிலோ, அவரிடம் வாங்கியவரின் சட்டைப்பையிலோ அது இன்றும் கிடக்கலாம். நான்காண்டுகள் வியர்வை சிந்திக் கட்டிய காரைத் திறக்கும் சாவி, அதைக் கண்ணாலும் காணாத யாரோ ஒருவரிடம் இருக்கிறது.

இதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. புதிய பூட்டு உருளையும், இரண்டு சாவிகளும், தலை அறும் போல்ட்டுகள் இரண்டும் வாங்கிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை முறுக்கினாராம். இரண்டாவது போல்ட்டின் தலை அறுந்து கராஜின் தரையில் உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டதாகவும், அதைத் தேடி எடுக்க மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தேர்வுக்குத் தேதி வாங்கிவிட்டார்.